நம்பர் வந்துச்சாக்கா?

சின்னசேலத்தில் அந்தத் தெருவில் இவ்வளவு வெயில் ஏறியும் பெருக்காமல் கிடந்த வாசல் ஒன்றே ஒன்றுதான். நேற்று சாயந்திரம் நெல்லிமேட்டுக் காசியம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளே, அந்த மண் அப்படியே கிடந்தது. பெருக்கினால் பாவம் கூடுமா, பெருக்காமல் விட்டால் கூடுமா என்று தங்கமணிக்குத் தெரியவில்லை. விளக்குமாற்றை எடுத்தாள், திரும்ப மூலையில் சாத்தினாள்.

காசியம்மாள் கத்தியது இன்னும் காதில் இருந்தது. "எங்க ஊரு வூடெல்லாம் எவனோ விடுதிக் கம்பெனிக்காரன் பேருல கீதாமே! வரி கட்டப் போன எங்க கொழுந்தன மிஷினு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுச்சு. என் வூடு ஒண்ணுதான் பாக்கி. அதையும் முழுங்கிட்டு நல்லா இருங்க!"

போன வாரத்து இதழைத் தவறவிட்டவர்களுக்கு இவ்வளவு போதும். நெல்லிமேடு, கரியாலூர் அருவிக்குப் போகிற வழியில் மண்ரோட்டில் பிரிந்து உள்ளே போனால் வரும் சின்ன ஊர். அங்கே பட்டா வைத்திருப்பவர்கள் அபூர்வம். வீட்டு வரி ரசீதுதான் பட்டா, கரண்டுக்கு ஆதாரம், ஜாமீனுக்கு ஆதாரம், செத்தால் பிள்ளைக்கு வாரிசு ஆதாரம். அந்த ஊராட்சிக்குக் கிளர்க்குதான் தங்கமணியின் கணவர் வீரமுத்து. இருபது வருஷமாக மலை ஏறி இறங்கி வரி வசூலிக்கிறவர். திங்கட்கிழமை அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் விசாரணை.

வீரமுத்து சுத்தமான மனுஷன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. நீங்களும் அப்படி நினைத்துவிட வேண்டாம். கையால் ரசீது எழுதின காலத்தில் வரிக்கு மேலே டீ செலவு என்று வாங்குவார். இரண்டு வீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வீட்டுக்கு ரசீது போட்டதும் உண்டு. மேலே கொடுக்க வேண்டியவர்களுக்கு அதில் ஒரு பங்கு போகும். அப்புறம் மிஷின் வந்தது. கையகல மிஷின். பணத்தை வாங்கின மறு நிமிஷம் சீட்டு அடித்து வெளியே தள்ளும், கணக்கும் அப்போதே ஏறிவிடும். மிஷினோடு பேரம் பேச முடியாது, அதற்கு டீயும் வேண்டாம்.

முதலில் வீரமுத்து அதைத் திட்டாத நாளில்லை. போகப் போக அவருக்கே அதில் ஒரு நிம்மதி வந்துவிட்டது. மேலே பங்கு கேட்டவர்களிடம், "மிஷின்ல வருது சார், நான் இன்னா பண்றது" என்று சொல்ல முடிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாருக்கும் பயப்படாமல் தூங்கினார். வாங்கித் தின்ற காலத்தில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. கை சுத்தமான பிறகுதான் சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. இதில் கடவுளுக்கு என்ன வேடிக்கையோ, எனக்குத் தெரியாது.

மகள் ராதிகா காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். கள்ளக்குறிச்சியில் தாய்மாமன் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில்தான் அவளுக்கு வேலை. "அப்பாவுக்கு விசாரணை, இன்னிக்காவது லீவு போடேண்டி" என்று தங்கமணி சொன்னதற்கு, "மாமா வரச் சொல்லிச்சு" என்று மட்டும் சொன்னாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசல் மண்ணை மிதிக்காமல் ஒதுங்கிப் போனாள்.

வீரமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இட்லிக்கு உட்கார்ந்தார். ராத்திரி முழுக்கத் தங்கமணியின் நெஞ்சில் புரண்டுகொண்டிருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"இன்னாங்க, ஒண்ணு கேக்கறேன். அந்த வூடுங்க பேரெல்லாம் எப்டி மாறுச்சு?"

"கம்ப்யூட்டர்லதான். என் பாஸ்வேர்ட போட்டு மாத்திகிறானுங்க."

"பாஸ்வேர்டு இருந்தா போதுமா?"

"போதாது. வூட்டுக்காரன் சம்மதம் வேணும். அவன் போனுக்கு ஒரு ஓடிபி போவும். அந்த நம்பர சொன்னாதான் பேரு மாறும்."

"எந்த போனுக்கு?"

வீரமுத்து பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

"மலைல ஏது டவரு? மிஷின்ல நம்பர் போடாம உடாது. ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு நம்பரு கேக்குது. என் நம்பர போட்டா ஆபீஸ்ல கேள்வி வரும்." தட்டைத் தள்ளி வைத்தார். "உன் நம்பரத்தான் போட்டேன். எல்லா வூட்டுக்கும்."

தங்கமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடி மாசத்திலிருந்து அவள் போனுக்கு அந்த மெசேஜ்கள் வந்துகொண்டிருந்தன. இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு வராது, நம்பர் வரும். மெசேஜ் வந்த கையோடு போன் வரும். "நம்பர் வந்துச்சாக்கா?" என்பான் தம்பி இளஞ்செழியன். மாவு அரைக்கும்போதும், துணி அலசும்போதும், ஒருநாள் கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட ஓரமாக வந்து நின்று ஒவ்வொரு நம்பராகப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"மாமாவுக்கு மிஷின் வேலை வரல. மேல திட்றாங்க. நான் இங்கேர்ந்து முடிச்சுக் குடுக்கறேன். மாமா கிட்ட சொல்லிக்காத, அவருக்கு மானம் போயிடும்" என்றுதான் அவன் சொன்னான். புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அவளுக்கு உள்ளூர எவ்வளவு பெருமை! ஒரு ஊரையே எடுத்துக் கொடுக்கிறோம் என்று எப்படித் தெரியும்? காசு வாங்கிக்கொண்டு செய்கிறவனுக்காவது செய்கிறது தப்பு என்று தெரிந்திருக்கும்.

"ஏங்க..." என்று ஆரம்பித்தாள்.

வீரமுத்து கையை உயர்த்தினார். "யாருக்குச் சொன்னேன்னு எனக்குச் சொல்லாத. தெரிஞ்சா அங்க நான் பொய் சொல்லணும்."

"அந்த மெசேஜைக் காட்டினா..."

"இன்னும் போன்ல கீதா?"

இல்லை. போன் நிறைந்துவிட்டது, படமெல்லாம் எடுக்க முடியவில்லை என்று போன மாசம்தான் ராதிகா உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தாள். தங்கமணி தலையை அசைத்தாள். வீரமுத்து கை கழுவ எழுந்து போனார்.

இருவரும் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினார்கள். கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போயிற்று பஸ். வீரமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஊரில் தெரிந்தவர் ஒருவர் முன் சீட்டில் இருந்தார். வழக்கமாக, "இன்னா கிளர்க்கு, மலையா?" என்று கேட்கிற ஆள். இன்று ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வருவது தங்கமணிக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தங்கமணி சொன்னாள்: "நீங்க டீ குடிச்சுக்கினு இருங்க. தம்பிய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன். வக்கீல் யாருனா தெரியுமான்னு கேக்கறேன்."

வீரமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லாதே என்று காலையில் அவர் தடுத்த பேர் இப்போது சொல்லப்பட்டுவிட்டது. இருவருக்கும் அது புரிந்தது.

"வக்கீல்தான? கேட்டுட்டு வா. வெரசா வா" என்றார்.

இளஞ்செழியனின் சென்டர் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில், செருப்புக் கடைக்கு மேலே. சான்றிதழ், பான் கார்டு, பட்டா நகல், எல்லாம் செய்து தரப்படும் என்று போர்டு. உள்ளே பாதி இடத்தைக் கண்ணாடித் தடுப்பு வைத்து மறைத்து, ஏசி போட்டிருந்தான். ஆறு வயதில் தாயை இழந்தவன். தங்கமணி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்த போதும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். வீரமுத்துதான் அவனைப் படிக்க வைத்தார். மிஷின் வந்ததும் மச்சானுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"வாக்கா. மாமா எங்க?"

"ராதிகா எங்கடா?"

"பேங்குக்கு அனுப்பிகிறேன். உக்காரு. ஜூஸ் சொல்லட்டா?"

ராதிகாவின் சாப்பாட்டுப் பை மேஜைமேல் இருந்தது. தங்கமணி உட்காரவில்லை.

"என்னை வெச்சு இன்னாடா பண்ண நீ?"

அவன் முகம் மாறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சின்ன வயசில் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இப்போது காதும் சிவக்கவில்லை.

"பதட்டப்படாத. சேலத்துக்காரர் ஒர்த்தர் அங்க பெரிய விடுதி கட்டறாரு. ஊரே மேல வரும். வூட்ட இடிக்கப் போறதில்ல. இருக்கறவங்க இருப்பாங்க. அவங்களுக்கும் ஏதாவது குடுத்துடலாம்னுதான் கீறோம்."

"அவங்க வூட்ட எடுத்துக்கினு அவங்களுக்குக் குடுப்பியா? அவங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுப்பாங்களா?" சிரித்தான். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டான். "மாமா பயப்பட வேணாம். வக்கீல் பேசிட்டேன். சஸ்பெண்ட் எல்லாம் ஆறு மாசத்துல ஓடிடும்."

"செயிலுக்கு அனுப்புவாங்கன்னு சொல்றாங்கடா!"

"அதுக்குத்தான் ஒரு வழி கீது." கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் நின்றான். "காசியம்மா வூடு ஒண்ணு பாக்கி. ரோட்டு மேல கீற வூடு. அது இல்லேன்னா விடுதிக்கு உள்ள போக வழியே இல்ல. மனு போன வாரமே போட்டாச்சு. ஓடிபி மட்டும்தான் குடுக்கணும். மாமா அதிகாரி முன்னால உக்காந்துகினு இருக்கும்போது அனுப்பறேன். நீ வெளிய வந்து நின்னு நம்பர சொல்லிடு."

"இன்னொரு வூட்டையா? உனக்கு மனசே இல்லியா?"

"கேளுக்கா. அவர் எதிர்ல உக்காந்துகினு இருக்கறப்பவே ஒரு வூட்டுப் பேரு மாறிச்சின்னா, மாத்தறது அவரு இல்லேன்னு அதிகாரிக்கே தெரிஞ்சு போவும் இல்ல? அவரக் காப்பாத்த இதவிட இன்னா சாட்சி வேணும்?"

தங்கமணிக்கு அவன் சொல்கிறதில் நியாயம் இருப்பதுபோலவே இருந்தது. அவன் எப்போதும் இப்படித்தான். பரீட்சையில் தோற்றாலும் வாத்தியார்மேல்தான் தப்பு என்று நம்ப வைத்துவிடுவான். அவளும் நம்பிக்கொண்டு போய் வாத்தியாரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"நான் போய் உன் பேர சொல்லிட்டா?"

"நம்பர சொன்னது யாரு? நீதான? உன்னையும் சேத்துத்தான் உள்ள வெப்பாங்க." குரலைத் தாழ்த்தினான். "ராதிகாவுக்கு மாப்பிள்ளை பாத்துகினு கீறோம். அம்மா செயில்ல, அப்பா செயில்லன்னா எவன் கட்டுவான்? யோசனை பண்ணு. நம்பர் வரும். நான் போன் பண்ணுவேன்."

சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் தங்கமணி மாடிப்படி இறங்கினாள். செருப்புக் கடைக்காரர், "இன்னாம்மா, தம்பிய பாக்க வந்தீங்களா?" என்று கேட்டது அவள் காதில் விழவில்லை. ஒரு பெற்ற தாய்க்குக்கூடப் பிள்ளைமேல் இவ்வளவு வெறுப்பு வருமா என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே, அவன் சாப்பிட்டானோ இல்லையோ என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்புக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

விசாரணை மாடியில், ஒரு நீளமான அறையில். அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அதட்டாமல் பேசினார். சுவரோரம் பெஞ்சில் நெல்லிமேட்டுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காசியம்மாளும் அவள் கொழுந்தன் பாவாடையும் முன்னால் இருந்தார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டிலேயே நடந்து வந்திருக்க வேண்டும், காலெல்லாம் சேறு காய்ந்து கிடந்தது. தங்கமணி உள்ளே வந்ததும் காசியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வருஷா வருஷம் வீரமுத்து வரி வசூலுக்குப் போகிறபோது ராத்தங்குவது காசியம்மாள் வீட்டில்தான். இறங்கும்போது சாமை அரிசியும் தேனும் கட்டிக் கொடுத்தனுப்புவாள். போன கோடையில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன ராதிகாவுக்கும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. வரி கட்டின வீட்டுக்காரிக்கும் வரி வாங்கின வீட்டுக்காரிக்கும் நடுவில் இவ்வளவு இருந்தது. நேற்றோடு எல்லாம் போயிற்று.

அதிகாரி பாவாடையிடம் கேட்டார். "உங்க வீட்டுப் பேர் மாறினது எப்படித் தெரிஞ்சுது?"

"வரி கட்டப் போனேங்க. ஆபீஸ்ல கிளர்க்குக்குக் கீழ புதுசா வந்த தம்பி மிஷின்ல பாத்துட்டு, இது கம்பெனி வூடுன்னு சொல்லிச்சு. நான் பொறந்த வூடுங்க அது. பக்கத்து வூட்டையும் பாருன்னேன். அதுவும் கம்பெனி. அடுத்ததும் கம்பெனி."

அதிகாரி தலையசைத்தார். பழைய நாளாக இருந்தால் இது வெளியே தெரிய ஒரு தலைமுறை ஆகியிருக்கும். திருடினதும் மிஷின், காட்டிக் கொடுத்ததும் மிஷின். மிஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கே பதில் சொல்ல வேண்டியது மனுஷர்கள்.

"வீரமுத்து, உங்க பாஸ்வேர்டுல மாத்தியிருக்காங்க. ஓடிபி எல்லாம் ஒரே நம்பருக்குப் போயிருக்கு. இது யார் நம்பர்?"

"என் வூட்டு நம்பருங்க, மேடம்."

"உங்க வீட்டு நம்பர்னா? யார் வெச்சிருக்காங்க?"

"அது வூட்ல கெடக்குங்க. நான்தான் பாத்துப்பேன்." வீரமுத்து கையைக் கட்டிக்கொண்டார். "நான்தாங்க மாத்தினேன். பணத்துக்கு ஆசைப்பட்டுப் பண்ணிட்டேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

தங்கமணி அவரைப் பார்த்தாள். தெரிந்தால் பொய் சொல்ல வேண்டி வரும் என்று காலையில் சொன்ன மனுஷன். தெரிந்துகொண்டார், பொய் சொல்லிவிட்டார். அவள் பொருட்டு. முப்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு பூ வாங்கி வந்ததில்லை, ஆசையாக ஒரு வார்த்தை பேசினதில்லை. இவ்வளவையும் எங்கே வைத்திருந்தார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காசியம்மாள் எழுந்துவிட்டாள். "கிளர்க்கு! எங்க சோத்த தின்னுட்டு இப்டி பண்ண உனக்கு எப்டி மனசு வந்துச்சு? ரெண்டு ரூபா ஜாஸ்தி வாங்குவே, தெரியும். போவட்டும்னு குடுத்தோம். வூட்டையே எடுப்பேன்னு நெனைக்கலியே!"

"உட்காருங்கம்மா" என்றார் அதிகாரி. வீரமுத்து தலை நிமிரவில்லை. அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கம்ப்யூட்டர்ல மாத்தினீங்க?"

"ஆபீஸ்லதாங்க..." என்று இழுத்தார் வீரமுத்து.

"பல தடவை ஞாயிற்றுக்கிழமை மாத்தியிருக்காங்களே? அன்னிக்கு ஆபீஸ் பூட்டித்தானே இருந்துது?"

அப்போதுதான் தங்கமணியின் கையில் இருந்த போன் ஒரு தடவை சிணுங்கியது.

அவள் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவில் அதேபோல் ஆறு நம்பர். காசியம்மாளின் வீடு. வெளியே போய் நின்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவன் சொன்ன கணக்கும் சரியாகிவிடும். புருஷன் தப்பிப்பார். தம்பி தப்பிப்பான். காசியம்மாள் மட்டும் தெருவுக்கு வருவாள். அவளும் எத்தனை நாள் கத்துவாள்? மலைக்காரி கத்தினது எப்போது யார் காதில் விழுந்திருக்கிறது?

காசியம்மாளின் காலில் காய்ந்து கிடந்த சேற்றைப் பார்த்தாள். தன் வாசலில் கிடக்கிற மண் நினைவுக்கு வந்தது. அதைப் பெருக்குகிற உரிமை தனக்கு இல்லை என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது.

போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் தம்பியின் படம். போன தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்த சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வெளிய போய்ப் பேசும்மா" என்றார் வாசலில் நின்ற சிப்பந்தி.

தங்கமணி வெளியே போகவில்லை. மேஜைக்கு நடந்தாள். வீரமுத்து பதறிப்போய், "தங்கம், வேணாம்" என்றார். அவர் குரலைக் கேட்டும் கேட்காததுபோல் போனை மேஜைமேல் அதிகாரிக்கு எதிரில் வைத்தாள்.

"மேடம், அந்த ஓடிபியெல்லாம் சொன்னது நான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. இப்பவும் ஒண்ணு வந்துகீது, பாருங்க. காசியம்மா வூட்டுக்கு. யாரு கேக்கறாங்கன்னு உங்க காதாலயே கேளுங்க."

எடுத்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள். தம்பியின் "நம்பர் வந்துச்சாக்கா?" வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தூக்கி வளர்த்தவனைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுக்கிறோம் என்பது தெரிந்தே நின்றாள். அவ்வளவுக்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டாகிவிட்டது.

"அம்மா?" என்றது போன்.

தங்கமணிக்குப் புரியவில்லை.

"அம்மா, நான்தான். மாமா போன இங்க வெச்சுட்டு கீழ போயிருக்குது. நம்பர் வந்துடுச்சில்ல? சீக்கிரம் சொல்லும்மா, ரெண்டு நிமிஷத்துல போயிடும். நான் டைப் பண்ணத் தயாரா கீறேன்."

போன மாசம் அந்த மெசேஜ்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்த விரல்கள் அவள் கண் முன்னால் வந்தன. போன் நிறைந்துவிட்டது என்றாளே. பேங்குக்கு அனுப்பியிருக்கிறேன் என்றானே தம்பி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்று இப்போது தெரிந்தது. தான் தம்பியிடம் பேசினது முழுக்கக் கேட்டுக்கொண்டுதானே மகள் உட்கார்ந்திருந்தாள்?

வீரமுத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெண்டாட்டிக்காகச் சொல்ல அவரிடம் ஒரு பொய் இருந்தது. மகளுக்காகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"அம்மா? கேக்குதா? நம்பர சொல்லும்மா!"

"சொல்ல மாட்டேன்" என்றாள் தங்கமணி. போனை அணைத்தாள்.

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தார். அவர் குரல் மாறவில்லை. "யாரும்மா அது? உங்க பொண்ணா? பேர் என்ன?"

தங்கமணி சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். தம்பியின் பேர் என்றால் தயாராக வைத்திருந்தாள். இந்தப் பேரை அவள்தான் தேடித் தேடி வைத்தாள். ஊருக்கே சர்க்கரை கொடுத்து, தொட்டிலில் குனிந்து, காதுக்குள் சொன்ன பேர். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெஞ்சைப் பார்த்தாள்.

காசியம்மாள் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. நேற்று மண்ணை வாரின ஆங்காரம் அவளிடம் இல்லை. ரொம்ப நேரம் தங்கமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை அவள் காதில் எதையோ சொல்ல வந்தபோது, கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அது யாரு கொரலுன்னு எனக்குத் தெரியும் தாயி" என்றாள் காசியம்மாள். "எங்க வூட்டுச் சோத்த தின்ன கொரலு. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."